கியர் குமிழ் மாற்றுவது ஐந்து நிமிட வேலையாம்

கேள்வி, மார்ச் 8

"1966 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கியர் ராடின் பழைய குமிழ் விரிசல் விட்டு, கை வைத்தாலே தூள் உதிர்கிறது. மரத்தில் கடைந்த குமிழ் ஒன்று வாங்கினேன். பெட்டி மேல் 8 எம்எம் மரை என்று போட்டிருந்தது. ராடை வெர்னியரில் அளந்தேன், அதுவும் 8க்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு சுற்று அழகாக ஏறுகிறது, மூன்றாவதில் பிடித்துக்கொள்கிறது. துரு ஏதாவது இருக்கும், குறடு போட்டு ஒரு இறுக்கு இறுக்கினால் போய்விடும். ஐந்து நிமிட வேலைக்கு ஏன் எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்?"

மார்ச் 8, இரவு 10.40

குறடைக் கீழே வையுங்கள். முதலில் அது.

துரு இல்லை. துரு என்றால் முதல் சுற்றிலேயே கரகரக்கும். இரண்டு சுற்று வெண்ணெய் மாதிரி போய் மூன்றாவதில் இறுகுகிறது என்றால் பிட்ச், அதாவது மரைக்கும் மரைக்கும் உள்ள தூரம், வேறு. உங்கள் ராடில் இருப்பது அநேகமாக 5/16 அங்குல யுஎன்எஃப் மரை, அதாவது அங்குலக் கணக்கில் வெட்டிய நெருக்கமான மரை, அங்குலத்துக்கு 24. விட்டம் 7.94 எம்எம். தேய்ந்த ராடில் வெர்னியர் 7.85 காட்டும். எட்டு எம்எம் போல்ட்டும் அதே அளவுதான் காட்டும். கண்ணுக்கும் கைக்கும் இரண்டும் ஒன்று. ஆனால் யுஎன்எஃப்பில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் தூரம் 1.058 எம்எம். எம்8 என்கிற சாதாரண 8 எம்எம் மரையில் 1.25. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.19 எம்எம் விலகிக்கொண்டே போகும். முதல் இரண்டு சுற்றுக்கு மரைகளுக்குள் இருக்கிற தளர்ச்சி அதை விழுங்கிவிடும். மூன்றாவதில் விழுங்க இடம் இல்லை.

அதற்கு மேல் இறுக்கினால் இரண்டில் ஒன்று சாகும். குமிழுக்குள் பித்தளை என்றால் குமிழ். எஃகு என்றால் ராடு.

எனக்கு ராடு.

மார்ச் 8, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 1967. வாங்கிய புதிதில் எஃகு உருண்டை ஒன்று பிடித்துப்போய் வாங்கி, இதே இரண்டு சுற்று ஏறி, இதே துரு என்று நினைத்து, மேலே துணியைச் சுற்றிப் பைப் குறடு போட்டேன். ஏறியது. நன்றாகவே ஏறியது. இறங்கும்போதுதான் தெரிந்தது, ராடின் மேல் முனையில் மரையே இல்லை, வழவழவென்று ஒரு குச்சி. எட்டிப் பார்த்த நண்பன் கேட்டான்: "மரை கழன்றது இதுக்கா, உனக்கா?"

மிச்சம் இருந்த அடி மரையை 5/16-24 டை, அதாவது வெளிமரை வெட்டும் கருவி, வைத்து மீட்டேன். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, மறுபடி அரைச் சுற்று. ஆறு மரை பிழைத்தது. இன்று வரை அந்த ஆறில்தான் ஓடுகிறது.

மார்ச் 9, காலை

மரை இடைவெளியை அளக்கப் பிட்ச் கேஜ் இல்லை என்கிறீர்கள். காகிதம் போதும். ராடின் மரையை மண்ணெண்ணெயில் துடைத்துக் காய வையுங்கள். பென்சில் கரியை அதன் மேல் தேயுங்கள். வெள்ளைத் தாளை ஒட்ட வைத்துக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வரி வரியாகப் பதியும். மரை நீளம் ஓர் அங்குலம் இருக்காது, அதனால் 12.7 எம்எம்முக்குள், அதாவது அரை அங்குலத்துக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணுங்கள். 12 வந்தால் 24 மரை. எம்8 போல்ட்டை இதே மாதிரி உருட்டிப் பார்த்தால் பத்துதான் வரும்.

எந்த ஆண்டு வண்டிக்கு எந்த மரை என்று பட்டியல் கேட்காதீர்கள். உற்பத்தியில் மாற்றம் வந்திருக்கிறது. அது போக ஐம்பது அறுபது வருஷத்தில் யாரோ ராடையே மாற்றியிருப்பார்கள், யாரோ அரத்தால் ராவியிருப்பார்கள். உங்கள் ராடு சொல்வதுதான் கணக்கு.

மார்ச் 9, மாலை

காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை. எம்8-லேயே நெருக்கமான மரை இருக்கிறது, பிட்ச் 1.0. அதை உருட்டினால் அரை அங்குலத்தில் பன்னிரண்டேமுக்கால் வரி வரும். பன்னிரண்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் கண்டுபிடிக்க எனக்கே சந்தேகம். அந்த மரையில் ஏமாற்றமும் பெரிது. சுற்றுக்கு 0.058 தான் விலகல் என்பதால் ஐந்தாறு சுற்று ஏறிவிட்டு, "கொஞ்சம் டைட்டா இருந்தா நல்லதுதானே" என்று நினைக்க வைக்கும்.

எனவே காகிதத்தோடு நிற்காதீர்கள். தெரிந்த யுஎன்எஃப் போல்ட் ஒன்றை ராடின் பக்கத்தில் மரைக்குள் மரை உட்காருமாறு ஒட்டிப் பிடித்து, பின்னால் டார்ச் அடியுங்கள். கடைசி மரை வரை வெளிச்சம் கசியாவிட்டால் அதே மரை. ஒரு முனையில் மூடி மறு முனையில் கீற்று தெரிந்தால் வேறு.

மார்ச் 11

எண்ணியாயிற்று, 12, வெளிச்சமும் கசியவில்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். குமிழில் இருப்பது பித்தளை, அதனால் ராடு பிழைத்தது. குமிழின் முதல் இரண்டு மரை கொஞ்சம் நசுங்கியிருக்கிறதாம். நசுங்கட்டும்.

இன்னொருவர் பழைய குமிழே கழலவில்லை என்கிறார். முதலில் அது திருகுகிற ரகமா, பிடுங்குகிற ரகமா என்று பாருங்கள். சில வண்டிகளில் குமிழ் அழுத்திச் செருகியதுதான், மேலே இழுத்தால் வரும். வரும்போது சொல்லிக்கொண்டு வராது. இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, முகத்தை நேர் மேலே வைத்துக்கொண்டு இழுத்தவன் தாடையைத் தடவிக்கொண்டு இதை எழுதுகிறான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

திருகுகிற ரகம் என்றால் குமிழுக்கு அடியில் ரப்பர் உறையைக் கீழே தள்ளிப் பாருங்கள், குமிழைக் கீழிருந்து இறுக்கிப் பிடிக்கிற லாக் நட் இருக்கும். அதை விடுவிக்காமல் குமிழை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை. 5/16 யுஎன்எஃப் நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர். இல்லையென்றால் 13 எம்எம், கொஞ்சம் ஆடும், மெல்லியதாகப் பிடித்துத் திருப்பினால் முனை மழுங்காது. நியூட்ரலில் வையுங்கள். ராடை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் குமிழைத் திருகுகிற பலம் முழுக்க ராடு வழியாகக் கியர் பெட்டிக்குள் இறங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். மரையின் மேல் நேராகக் குறடு போட்டுப் பிடிக்கிற ஆட்களிடம் நான் பேசுவதில்லை.

மார்ச் 12, மதியம்

எம்8 குமிழை 5/16 ராடுக்கு எப்படிக் கொண்டுவருவது? உள்ளே 5/16 டேப் (உள்மரை வெட்டும் கருவி) போட்டுத் திரும்ப வெட்ட முடியாது. எம்8 மரையின் பள்ளம் ஏற்கெனவே 8 எம்எம் வரை தோண்டியிருக்கிறது, 7.94-க்கு அங்கே உலோகமே இல்லை. குமிழை 8.5 எம்எம் துளைத்து 3/8-24 டேப் போடுங்கள். வெளியே 3/8, உள்ளே 5/16 என்று ஒரு பித்தளைக் குழல் கடைந்து நடுவில் செருகினால் தீர்ந்தது.

மார்ச் 12, இரவு

தீரவில்லை. மதியம் எழுதியதை யாரும் செய்துவிடாதீர்கள். சாப்பிடும்போதுதான் மண்டையில் உறைத்தது. 3/8-24 மரையின் அடிவிட்டம் சுமார் 8.2 எம்எம். உள்ளே இருக்கும் மரை 7.94. நடுவில் குழலின் சுவர் எவ்வளவு? பக்கத்துக்கு 0.15 எம்எம்கூட முழுசாக வராது. அது குழல் இல்லை, மிட்டாய்க் காகிதம். லேத்தில் கடையும்போதே கிழியும்.

சுவர் வேண்டுமென்றால் வெளியே எம்12 × 1.25 வேண்டும். குமிழை 10.8 துளைத்து டேப் போட வேண்டும். அப்போது பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேறும். ஆனால் அந்த மரக் குமிழுக்குள் இருக்கிற பித்தளையே 12 எம்எம்தான் என்கிறார் கேட்டவர். அப்புறம் எதில் மரை வெட்டுவது, மரத்திலா? யோசிக்கிறேன்.

மார்ச் 16

யோசனை எதுவும் வரவில்லை. எடையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அதை எழுதுகிறேன்.

50 எம்எம் விட்டத்தில் ஒரு கெட்டி உருண்டை. எஃகு என்றால் அரைக் கிலோவைத் தாண்டும், 514 கிராம். அலுமினியம் என்றால் 175 சொச்சம். தேக்கு மாதிரி மரம் என்றால் 50 கிராமைத் தொடாது. ராடின் உச்சியில், சுழலும் புள்ளியிலிருந்து ஆகத் தூரத்தில் இந்த எடை உட்காருகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதன் தாக்கம் கூடும், அதனால் நூறு கிராம் வித்தியாசமே கையில் தெரியும். என் எஃகு உருண்டையைச் சரியான மரையில் மறுபடி கடைந்து போட்டபோது எனக்குச் சொர்க்கம். லேசாகத் தள்ளினால் போதும், எடையே மிச்சத்தை இழுத்துக்கொண்டு போய் இரண்டிலிருந்து மூன்றில் 'டொக்' என்று உட்கார வைக்கும். எல்லாரிடமும் எஃகு போடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இங்கேயும் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

போர்ஷே 917 பந்தயக் காரில் எடை குறைக்க பால்சா மரத்தில் குமிழ் போட்டார்கள். 1970-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த வண்டி அது. குமிழில் மிச்சம் பிடித்த கிராமாலா ஜெயித்தது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அந்தக் கியர் பெட்டிக்குக் குமிழின் எடை தேவைப்படவில்லை என்பதும் உண்மை. அந்த நினைவாகத்தான் பின்னாளில் போர்ஷேயின் கரேரா ஜிடி காரிலும் மரக் குமிழ் வைத்தார்கள்.

மார்ச் 17

வெயிலில் நின்ற வண்டியில் எஃகு உருண்டையைத் தொட்டிருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தொட்டிருக்கிறேன். ஒரு தடவை.

மார்ச் 22

எஃகு பற்றி எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

இந்த வாரம் கை அரிப்பெடுத்து, என் வண்டியில் எஃகைக் கழற்றிவிட்டுப் பழைய பேக்கலைட் (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) குமிழையே போட்டு ஓட்டினேன். முதலில் ஒன்றும் பிடிக்கவில்லை, குச்சியைப் பிடித்த மாதிரி. இரண்டாவது நாள் ஒன்று கவனித்தேன். 1967 வரை வந்த இந்த மூன்று சிங்க்ரோ கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கிற பாகம், கிடையாது. மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒன்றில் போட வேண்டுமென்றால் இரண்டு முறை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டர் தட்டி, பல்லும் பல்லும் ஒரே வேகத்துக்கு வருகிற கணத்தைக் கை கண்டுபிடிக்க வேண்டும். பேக்கலைட்டில் அது தெரிகிறது. பற்கள் தொடுவதற்குச் சற்று முன்பு உள்ளங்கையில் ஒரு நடுக்கம், எறும்பு ஊர்கிற மாதிரி. அது நின்றதும் தள்ளினால் சத்தமே இல்லாமல் விழுகிறது.

எஃகில் அந்த எறும்பே இல்லை. அரைக் கிலோ அதை முழுங்கிவிட்டது. அதுவும் போக, எடை தானாக இழுத்துக்கொண்டு போவதால், வேகம் ஒத்துவராத நேரத்திலும் பல்லைப் போய் இடிக்கும். நாலு வருஷமாக ஒன்றாம் கியரில் 'கர்ர்' என்று கேட்டதெல்லாம் பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயதானது பெட்டிக்கு அல்ல.

சிங்க்ரோ நாலிலும் இருக்கிற பெட்டிக்காரர்களுக்கு இது அவ்வளவு பொருந்தாது. உங்களுக்கு எடை பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சிங்க்ரோவை எடை தின்றுவிடும் என்று சத்தியம் செய்கிற கோஷ்டியோடு நான் சேரவில்லை. முதல் கியரில் சிங்க்ரோ இல்லாதவர்கள் மட்டும் ஒரு வாரம் இலேசான குமிழோடு ஓட்டிப் பாருங்கள்.

மார்ச் 22, கொஞ்சம் கழித்து

எஃகு கழன்றதும் வெளியே வந்த இன்னொரு சமாச்சாரம்: 3000 ஆர்பிஎம்மில் ராடு 'ஜ்ஜ்ஜ்' என்று தேனீ மாதிரி இரைகிறது. எஃகு இருந்தபோது இந்தச் சத்தம் இல்லை. குமிழ் கெட்டது என்று சொல்லிவிடலாம், ஆனால் குமிழ் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ராடின் அடியில் அதிர்வைப் பிடிக்கிற பாகம் தேய்ந்திருக்கும். கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 23

தேய்ந்துதான் இருந்தது. மாற்றினேன். தேனீ போய்விட்டது. எஃகு உருண்டையை நான் வாங்கியதே அந்தத் தேனீக்காகத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எப்போது வாங்கினேன் என்று ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று இல்லை.

மார்ச் 26

குமிழ் கழன்று சுற்றாமல் இருக்கப் பசை போடலாமா என்று கேட்டவருக்கு: லாக் நட் இருக்கும் இடத்தில் பசை எதற்கு? போட்டே ஆக வேண்டுமென்றால் நீல நிற லாக்டைட், 243 போன்றது, ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம். அதைக் கழற்றச் சூட்டுத் துப்பாக்கி வேண்டும், அந்தச் சூட்டில் ராடு தப்பிக்கும், மரம் தப்பிக்காது.

பிளாஸ்டிக்கில் நேராக மரை வெட்டிய குமிழுக்கு நீலமும் வேண்டாம். இந்தப் பசை காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் கெட்டியாகும். உலோகம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாதி ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரம் சில வகைப் பிளாஸ்டிக்கில் மயிர்க்கோடாக விரிசல் விட வைக்கும். குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை இரண்டு சுற்று சுற்றிப் போடுங்கள். பார்க்க அசிங்கம், ஆனால் உறை மூடிவிடும்.

மார்ச் 30

குமிழ் மேல் கியர் படம் கோணலாக நிற்கிறது என்று மூன்று பேர். மரை எங்கே முடிகிறதோ அங்கேதான் படம் நிற்கும், குமிழைக் கடைந்தவனுக்கு உங்கள் ராடின் மரை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? லாக் நட்டை மேலே ஏற்றி, குமிழை அடி வரை இறக்காமல் படம் நேராக வரும் இடத்தில் நிறுத்தி, நட்டைக் கீழிருந்து அதன் மேல் இறுக்குங்கள். குமிழ் ஐந்து மரையாவது பிடித்திருக்க வேண்டும். இரண்டு மரையில் தொங்கவிட்டு, படம் நேராக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள்.

ஏப்ரல் 5

எட்டு எம்எம் குமிழ்க்காரர் திரும்பி வந்திருக்கிறார். நான் மூன்று வாரம் யோசித்து வராத யோசனை அவருக்கு வந்திருக்கிறது.

பித்தளையில் எம்8 போல்ட்டைத் திருகி, போல்ட்டின் தலையில் சூட்டுக்கோலை, அந்த ஈயம் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்னை, வைத்திருக்கிறார். சூடு உள்ளே இறங்கி, பித்தளையை மரத்தோடு ஒட்டியிருந்த எபாக்சி இளகியதும் போல்ட்டைப் பிடித்து இழுத்தால் பித்தளை மொத்தமாக வந்துவிட்டது. அதே 12 எம்எம் விட்டத்தில் வேறு பித்தளைத் துண்டு, 6.9 எம்எம் துளை, 5/16-24 டேப். வெளிப்பக்கம் பசை பிடிக்க அரத்தால் கீறல்.

இதுவரை சரி, யாருக்கும் தோன்றும். அடுத்ததுதான் அழகு. பித்தளையை நேராகக் குமிழுக்குள் ஒட்டவில்லை. ராடின் மரைக்கு மெழுகு தடவி, பித்தளையை முதலில் ராடில் திருகி, லாக் நட்டால் இறுக்கிவிட்டார். பிறகு பித்தளையின் மேல் எபாக்சி பூசி, குமிழைத் தொப்பி மாதிரி மேலே மாட்டி, கியர் படத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் குமிழ் ஒட்டியிருந்தது, படம் நேராக இருந்தது. மார்ச் 30-ல் நான் எழுதிய பத்தி அவருக்குத் தேவையே படவில்லை.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு, 1977-க்குப் பிந்தைய மாடல் வைத்திருப்பவர் ஒருவர் தன் குமிழையும் சூடு வைத்துப் பிரிக்கப் போகிறாராம். நிறுத்துங்கள். உங்கள் வண்டியில் ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்) இருந்தால் அதன் சுவிட்ச் குமிழுக்குள்ளேயே இருக்கிறது, ராடு வழியாக ஒயர் இறங்குகிறது. முழுக் குமிழைத் திருகினால் ஒயர் முறுக்கி அறும். மேல் மூடியைத் தனியாக நெம்பி எடுத்து, ஒயரைக் கழற்றிய பிறகுதான் மிச்சம். மரக் குமிழ் போட ஆசை என்றால் சுவிட்சுக்கு டாஷ்போர்டில் வேறு இடம் பாருங்கள். பழைய மாடல்களில் குமிழில் சுவிட்ச் இல்லாமல் வேறு இடத்தில்தான் இருந்தது, ஒன்றும் குறைந்துவிடாது.

ஏப்ரல் 19

எட்டு எம்எம்காரர் இரண்டு வாரம் ஓட்டியாயிற்று. ஆடவில்லை, சுற்றவில்லை. ஒன்றாம் கியரில் எறும்பு தெரிகிறதாம். ஐந்து நிமிட வேலைக்கு ஆறு வாரம் ஆயிற்று என்று அவரே கணக்குச் சொல்கிறார், நான் சொல்லவில்லை.

கழற்றிய எம்8 பித்தளையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கருவிப் பெட்டியில் பத்திரமாகப் போட்டிருக்கிறாராம். எதற்கு? தெரியாதாம், எதற்காவது ஆகும் என்கிறார். என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்படி மூன்று கிடக்கின்றன, அரைக் கிலோ எஃகு உருண்டைக்கு அடியில்.